லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழ்த் தரவக உருவாக்கம்: வருடி இயக்கியும் சீராக்க நிரலும்

அச்சு நூல்களை மின்தரவகமாக மாற்றுவோர்க்கு லினக்ஸ் இயங்குதளம் கட்டணமற்ற கருவிகளை வழங்குகிறது. வருடி, எழுத்துணரி, சீராக்க நிரல் ஆகியன ஒன்றிணையும் இப்பணியில் பிழை நுழையும் இடங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

வருடி இயக்கி

லினக்ஸில் வன்பொருள் இயக்கிகள் பெரும்பாலும் கெர்னலின் பகுதியாக அமைகின்றன. வருடி இதற்கு விலக்காகும். 'சேன்' தொகுப்பின் இயக்கிகள் கெர்னலுக்கு வெளியே இயங்குவன. வருடி செயற்படாவிடின், அது கணினிக்குத் தெரிகிறதா என்பதை 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையால் முதலில் அறிதல் வேண்டும். நிர்வாகிக்கு மட்டும் இயங்கிப் பிற பயனர்க்கு இயங்காதெனில், குறை பெரும்பாலும் இயக்கியில் இல்லை. அணுகல் உரிமையை வகுக்கும் 'யூடெவ்' விதியில் உள்ளது. அந்நிலையில் இயக்கியை மீண்டும் மீண்டும் நிறுவுதல் வீண்பணியே. அங்குலத்திற்கு 300 புள்ளி அளவில் வருடிய பக்கங்களை 'டெசரக்ட்' எழுத்துணரி தமிழ்ப் பனுவலாக்கித் தரும்.

சீராக்க நிரல்

உண்மையான இடர் இதன்பின்னரே தொடங்குகிறது. 'கொடி' என்னும் சொல்லை ஒருங்குறியில் நான்கு குறியீடுகளாலும் எழுதலாம். ஒகரக் குறியைக் கொம்பு, கால் எனப் பிரித்து ஐந்தாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்ணும் நிரலுக்கோ இருவேறு சொற்கள். சொல்லடைவின் எண்ணிக்கை இதனால் பிழைபடும். பைத்தான் மொழியில் 'என்எஃப்சி' சீராக்கத்தைப் பயன்படுத்தின் இக்குறை நீங்கும். (குறியீட்டு வரிசையில் னகரம் பகரத்திற்கு முன் நிற்பதால், 'அன்பு' என்பது 'அப்பா'வுக்கு முன் அடுக்கப்படுவதும் நோக்கத்தக்கது. இதற்குத் தமிழ் அகரவரிசை விதியைத் தனியே அமைத்தல் வேண்டும்.)

ஔகாரம் அத்துணை எளிதன்று. 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமும் இட்டுக் 'கெளரவம்' எனப் பதிவோர் பலர். ளகரம் தனி எழுத்தாதலின் சீராக்கம் இதனைத் தீண்டாது. கொம்பும் ளகரமும் அடுத்து வருமிடமெல்லாம் ஔகாரமாக்குக என நிரலில் எழுதினால் 'தெளிவு', 'வெள்ளம்' ஆகிய சொற்கள் சிதையும். ளகரத்தின் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வரின் மாற்றற்க என விதியைக் குறுக்கலாம். அவ்விதியும் வட்டார இலக்கியத்தில் தோற்கும். பேச்சுவழக்கில் பயிலும் 'வெளக்கு' என்பது 'வௌக்கு' ஆகிவிடும். வட்டார வழக்கை ஆய்வோர்க்கு அச்சொல்லே சான்று. எனவே இம்மாற்றத்தை நிரல் தானே செய்யாது, ஐயத்திற்குரிய சொற்களை அவை வரும் தொடர்களுடன் பட்டியலிட்டு ஆய்வாளரின் முடிவுக்கு விடுதல் தகும். எழுத்துணரி தந்த மூலக் கோப்பும் மாற்றமின்றித் தனியே காக்கப்படல் வேண்டும்.