மறைவில் கசியும் இரத்தம்



இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமடைந்த பெரும்பாடுள்ள ஸ்திரீயை நாம் அறிவோம். 12 வருஷம் வைத்தியர்களிடம் அலைந்து, உள்ளதையெல்லாம் செலவழித்தவள் அவள். தன் உதிரப்போக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமலே இரத்தம் இழக்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றியதே இம்மாத மருத்துவப் பாடம்.

வயதான ஒரு தாயார் எங்களிடம் வந்தார். "நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குது ஐயா" என்றார். ஹீமோகுளோபின் 6 கிராம். பெண்களுக்கு 12 ஆவது இருக்க வேண்டும். கொக்கிப்புழு இல்லை, புற்றுநோய் இல்லை. எண்டோஸ்கோப்பியிலும் ஒன்றும் அகப்படவில்லை. இரத்தம் ஏற்றி அனுப்பினோம். சில மாதங்களில் மறுபடியும் வெளுத்துப்போய் வந்தார். அப்போதுதான் நாங்கள் தவறவிட்டதைக் கண்டோம்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில், உணவுக்குழாய் இறங்க ஒரு துவாரம் உண்டு. அது தளர்ந்தால் இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிடும். இதுவே ஹையேட்டஸ் ஹெர்னியா. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த விளிம்பில் இரைப்பையின் மடிப்புகள் உராய்வதாலும், அமிலத்தாலும் அங்கே நீளவாக்கில் புண்கள் உண்டாகின்றன என்று கருதப்படுகிறது. 1986-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் கேமரன் இவற்றை இரத்தசோகையோடு தொடர்புபடுத்தி விவரித்ததால் 'கேமரன் புண்கள்' என்கிறோம். இரத்தம் சிறிது சிறிதாகக் கசிவதால் வலியோ, கறுத்த மலமோ இல்லாமலும் இருக்கலாம். எண்டோஸ்கோப்பிக் குழாயை இரைப்பைக்குள் வளைத்து மேல்நோக்கிப் பாராவிட்டால் எளிதில் தப்பிவிடும்.

சிகிச்சை எளிது. இழந்ததை ஈடுசெய்ய இரும்புச்சத்து மாத்திரை. புண் ஆற ஒமெப்ரசோல் போன்ற அமிலக்குறைப்பு மருந்து. இவற்றுக்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை. அந்தத் தாயாருக்கு மாத்திரைகளே போதுமாயிருந்தன. இப்போது ஆராதனைக்குத் தாமாகவே நடந்து போகிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

அன்பானவர்களே, உங்கள் சபையில் யாராவது வெளுத்து, களைத்துக் காணப்பட்டால் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதிருங்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள். மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுவதையும் தடுங்கள்.

எண்டோஸ்கோப்பிக்குப் பணம் கட்ட இயலாத ஏழைகளுக்கு உங்கள் காணிக்கையே கைகொடுக்கிறது. மறைந்திருப்பதைக் காணும் கண்களை எங்களுக்குத் தரும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்.