பாதி முட்டை ஏன் பஞ்சாகிறது?

கேள்வி: ஒரு ஜோடி மார்பிள்ட் நியூட் வளர்க்கிறேன். இந்த வசந்தத்தில்தான் முதன்முறையாக முட்டையிட்டது. பத்துப் பன்னிரண்டு நாளில் பாதி முட்டையில் வெள்ளைப் பஞ்சு படர்ந்துவிட்டது. மருந்து ஊற்றியும் பயனில்லை. இப்போது ஆணின் கால்விரலிலும் அதே பஞ்சு. என்ன செய்வது?
- வாசகர், பர்மிங்காம்

பதில்: 'பாதி' என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. மார்பிள்ட், கிரெஸ்டட் நியூட்களின் முதலாம் குரோமோசோமில் பரம்பரையாகவே ஒரு கோளாறு உண்டு. அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒரே வடிவம் வந்து சேர்ந்த கரு, வால் அரும்பும் பருவத்திலேயே செத்துவிடும். 100 முட்டையில் ஏறக்குறைய 50 இப்படித்தான் போகும்; எந்த மருந்தாலும் தடுக்க முடியாது. பஞ்சு வருவது அதற்குப் பிறகு. அதன் பெயர் சாப்ரோலெக்னியா. உண்மையில் அது பூஞ்சையே அல்ல. உருளைக்கிழங்குப் பயிரைக் கருக்கும் கிருமிக்குத் தூரத்து உறவு.

செத்த முட்டையை அப்படியே விட்டால் பக்கத்து நல்ல முட்டைக்கும் இழை நீளும். பெண் ஒவ்வொரு முட்டையையும் இலையில் மடித்து ஒட்டியிருக்கும். மடிப்பை நகத்தால் மெல்லப் பிரித்து, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். உயிருள்ள கரு தெளிந்த ஜெல்லிக்குள் நாளுக்கு நாள் நீண்டு வளையும். வெளுத்து மங்கியதை அன்றன்றே எடுத்துவிடுங்கள். மருந்தைவிட இந்தக் கைவேலைதான் உதவும்.

விரல் சங்கதி வேறு. கூரான கல்லில் கீறியிருக்கும், அல்லது தொட்டி சூடேறி ஆண் சோர்ந்திருக்கும். தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீர், தினமும் புதிதாக, 15 முதல் 18 டிகிரிக்குள். அயோடின் சேர்க்காத உப்பு லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, நாளைக்கு ஒருமுறை 10 நிமிடம் விடுங்கள். துடித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். பஞ்சை இடுக்கியால் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். மீன் மருந்தை மீனுக்குரிய அளவில் ஊற்றுவதும் வேண்டாம். நியூட் தோலாலேயே உறிஞ்சிக்கொள்ளும்.

பஞ்சே இல்லாமல் தோலில் சின்னச் சின்னப் புண்கள் வந்து, இரையையும் மறுத்தால் உப்பை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். 2013-இல் கண்டறியப்பட்ட பிசால் என்ற பூஞ்சையாக இருக்கலாம். நெதர்லாந்தில் ஃபயர் சாலமாண்டர்களை ஏறக்குறைய துடைத்தெடுத்தது அதுதான். பிரிட்டனில் வீட்டு வளர்ப்பிலும் தென்பட்டிருக்கிறது. நீர்நில வாழ்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் தோல் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தொட்டித் தண்ணீரைத் தோட்டத்துக் குளத்தில் ஊற்றிவிடாதீர்கள்.