மஞ்சளும் மிளகும் நரம்பைக் காக்குமா?



சங்கரன்கோவிலில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நம்மிடம், சில்லறைக் கடைக்காரர்கள் சரக்குச் சீட்டோடு ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள். "அண்ணாச்சி, மஞ்சளும் மிளகும் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரையால் கால் மரத்துப்போவது நின்றுவிடும் என்கிறார்களே, அப்படிச் சொல்லி விற்கலாமா?" என்பதே அது. படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் நாம் அறிந்ததை உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.

நரம்பு எப்படிக் கெடுகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. கல்லாவில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களும் இதில் அடக்கம்.

தசைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் என்ற சாவி வேண்டும். நரம்புச் செல்லுக்கு அந்தச் சாவி தேவையில்லை. ஆகவே ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் நரம்புக்குள்ளும் ஏறிவிடும். கிட்டங்கி நிறைந்த பிறகும் லாரி லாரியாகச் சரக்கு இறங்கினால் என்ன கதியோ, அதே கதிதான் அங்கும். செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து, அடுப்பில் தீப்பொறி பறப்பதுபோல, தீங்கு செய்யும் ஆக்சிஜன் துகள்கள் அதிகமாக வெளிப்படுகின்றன. நீரிழிவின் பல கேடுகளுக்கு இதுவே பொதுவான வேர் என்று அமெரிக்க விஞ்ஞானி மைக்கேல் பிரவுன்லீ 2001-ல் விளக்கினார். நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் சேர்ந்து கெடுகின்றன. உடம்பில் மிக நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதால், முதல் அடி அங்கேதான் விழுகிறது.

சரக்கில் உள்ள சக்தி

வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடிகள் சில பொருள்களை உண்டாக்குகின்றன. தீப்பொறியை அணைக்கும் குணமுள்ள இவற்றை ஆன்டி ஆக்சிடன்ட் என்கிறோம். மஞ்சளில் குர்குமின், வெங்காயத்தில் குவர்செடின், தேயிலையில் கேட்டச்சின் என்று நம் தராசில் ஏறும் பல சரக்குகளில் இவை உண்டு. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்குக் குர்குமின் கொடுத்து, நரம்பு வலி தணிந்ததை 2006-ல் வெளியிட்டார்கள். இது கட்டுக்கதை அல்ல; ஆனால் எலியில் கண்டது. மனிதரின் கெட்ட நரம்பை மஞ்சள் குணமாக்கும் என்று உறுதிப்படவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தாய்லாந்தில் நீரிழிவு வரும் நிலையில் இருந்த 240 பேரை வைத்து நடந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. 9 மாதம் குர்குமின் மாத்திரை எடுத்தவர்களில் எவருக்கும் நோய் வரவில்லை. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 16.4 சதவீதம் பேருக்கு வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் எடுத்தது தினமும் 1.5 கிராம் குர்குமின். மஞ்சளில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்தால், அதற்கு நாளொன்றுக்கு 50 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ மஞ்சள்தூள் வேண்டும். எந்த வீட்டுக் குழம்பில் அவ்வளவு போடுவார்கள்?

மிளகின் கதையும் உண்மையே. பெங்களூரில் 1998-ல் நடந்த ஆய்வில், மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தபோது குர்குமின் ரத்தத்தில் சேர்வது 20 மடங்கு கூடியது. அதே பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றக்கூடும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதும் உண்டு. சமையலில் சேர்ப்பதற்குப் பயமில்லை; மாத்திரையாக விழுங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நமது பொறுப்பு

நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது. பாக்கெட்டிலோ பலகையிலோ அப்படி எழுத வேண்டாம். நம் சொல்லை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தப் பாவம் எந்த லாபத்தில் தீரும்?

இன்னொன்று கலப்படம். மஞ்சளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் பூசுபவர்கள் உண்டு. அதிலுள்ள ஈயம் நரம்புக்கு விஷம். பங்களாதேஷில் 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு கெடுபிடி செய்ததும் 2021-ல் அது இல்லாமல் போனது. பளபளப்புக்கு மயங்காமல், முடிந்தவரை விரலியாக வாங்கிச் சொந்தமாக அரைத்து விற்பது நல்லது.

காலைப் பாருங்கள்

கடைக்குள் நாம் செருப்புப் போடுவதில்லை. நம் தொழில் நண்பர் ஒருவர் காலில் கோணி ஊசி குத்தியது இரவு கடை அடைக்கும்வரை அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே,

1. தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள்.
2. வருடம் ஒருமுறை, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.
3. மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைந்தும் கால் மரக்கலாம், அதையும் பரிசோதியுங்கள்.
4. உணர்ச்சி குறைந்தவர்கள், ஆடித்தபசுக்குச் சுற்று வரும்போது வெயில் ஏறிய தரையில் வெறுங்காலோடு நடக்காமல், அதிகாலையில் சுற்றுங்கள்.

மஞ்சளும் மிளகும் உணவாக விற்கட்டும். ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே நரம்புக்கு முதல் காவல். சரக்கில் நிறை குறையாமல் பார்ப்பதுபோல், சொல்லிலும் மிகை சேராமல் பார்ப்பது வணிக தர்மம்.