வல்லாரைச் சம்பலும் தேசிப்புளியும்

மீள்குடியேறிய முதல் மாதங்களில் பெரும்பாலான வீடுகளில் சோறும் பருப்பும்தான் சாப்பாடு. உலர் உணவுப் பொதியில் கீரை வராது. ஆனால் கிணற்றடியில் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் நான்கு வல்லாரைத் தண்டுகளை ஊன்றிவிட்டால் தானாகப் படரும். அதுவரை சந்தையில் வாங்குங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிக்குள் கீரை பறிக்கவென்று கால் வைக்க வேண்டாம்.

நான்கைந்து பேருக்கு வல்லாரை இரண்டு பிடி, கரட் ஒன்று, சின்ன வெங்காயம் ஐந்தாறு, பச்சை மிளகாய் ஒன்று, தேங்காய்ப்பூ அரைக் கோப்பை, தேசிக்காய் ஒன்று, அளவான உப்பு போதும்.

சமைக்காமல் உண்பதால் கழுவுவதில்தான் முழுக் கவனமும் வேண்டும். நெடுநாள் பாவிக்காத கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிக் குளோரின் இடும்வரை அதன் தண்ணீரை அப்படியே நம்ப முடியாது. மண் போக முதலில் அலசுங்கள். பிறகு கொதித்தாறிய நீரில் இரண்டு தரம் கழுவுங்கள். தண்ணீர் குமிழியிட்டுக் கொதிக்கத் தொடங்கிய பின்னும் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மீன் வெட்டிய பலகையிலும் கத்தியாலும் கீரையை அரிய வேண்டாம். "புளி விட்டால் கிருமி செத்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிக் கழுவாமல் விட்டால் முதலில் வயிற்றோட்டம் வருவது சிறுபிள்ளைகளுக்குத்தான்.

கழுவிய கீரையை நீர் வடியவிட்டு மெல்லியதாக அரியுங்கள். கரட்டைத் துருவி, வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூ, உப்புச் சேர்த்துப் பிசறுங்கள். சிறுபிள்ளைகளின் பங்கை மிளகாய் சேர்க்குமுன் எடுத்து வையுங்கள். தேசிக்காயைப் பரிமாறும் நேரத்தில் பிழிந்து விடுங்கள். முன்னரே விட்டால் கீரை வாடி நீர் விட்டுவிடும்.

தேசிப்புளி ருசிக்கு மட்டுமல்ல. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் இலகுவில் எடுத்துக்கொள்ளாது. தேசிக்காயிலுள்ள விற்றமின் சி அதற்கு உதவுகிறது. அது சூட்டில் குறைந்துவிடும் என்பதால், கீரையை வறையாகச் செய்தாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே புளி விடுங்கள். குருதிச்சோகை உள்ள கர்ப்பிணித் தாய்மாருக்கும் பெரியபிள்ளையான பெண்பிள்ளைகளுக்கும் இது முக்கியம். கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது.

நம்மவர் விடாத பழக்கம் ஒன்று, சாப்பிட்ட கையோடு ஒரு தேநீர். தேயிலைச் சாயம் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

மிஞ்சிய சம்பலை இரவுக்கு வைக்க வேண்டாம். அந்தந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் அரியுங்கள்.