தேவநீதி என்பது யாது?

கிறிஸ்தவ வேதசாஸ்திரத்தைப் பயில்வோர் அடிக்கடி எதிர்ப்படும் சொற்களுள் தேவநீதி என்பதும் ஒன்று. இதன் கருத்தைப் பிறழ உணர்ந்தமையால் அச்சத்தில் வாடினோரும் உளர். அசட்டையால் கெட்டோரும் உளர். ஆகலின் இச்சொல்லின் பொருளை ஒருசிறிது ஆராயப் புகுகின்றோம்.

நீதி என்றவுடன் நம் மனத்தில் முதலாவது தோன்றுவது யாது? நியாயஸ்தலமும் துலாக்கோலும் அல்லவா? கன்றை இழந்த பசுவின்பொருட்டுத் தன் மைந்தன்மேல் தேரைச் செலுத்திய சோழமன்னன் சரிதத்தைக் கேட்டு வளர்ந்தவர் நாம். நமக்கு நீதியாவது, வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராமல் அவரவர்க்கு உரியதை அளந்து கொடுப்பதேயாம். பண்டை உரோமைச் சட்ட நூலாரும் இவ்வாறே இலக்கணம் வகுத்தனர். இவ்விலக்கணம் பிழையன்று. ஆயினும், இதனையே கடவுளுக்கும் ஏற்றிக் கூறுவோமாயின், குற்றமுள்ள மனிதன் அவர் திருமுன் நிற்பது எங்ஙனம்?

இவ்வினா மார்ட்டின் லூதரின் உள்ளத்தை நெடுநாள் வாட்டியது. அவர் 1505ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் துறவறம் பூண்டு, பின்னர் விட்டன்பர்க் சர்வகலாசாலையில் வேத ஆசிரியரானார். 1513 முதல் சங்கீதங்களையும், 1515, 1516ஆம் ஆண்டுகளில் உரோமர் நிருபத்தையும் மாணாக்கர்க்கு விளக்கினார். அந்நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில், சுவிசேஷத்திலே தேவநீதி வெளிப்படுகிறது என்று பவுல் அப்போஸ்தலர் கூறுகின்றார். சுவிசேஷம் என்பது நற்செய்தி. நீதி என்பதோ பாவியைத் தண்டிப்பது என்றே லூதர் கற்றிருந்தார். தண்டனை வெளிப்படுவது நற்செய்தியாவது எவ்வாறு? தாம் குற்றமற்ற துறவியாய் வாழ்ந்தும் மனச்சாட்சியில் அமைதி பெறாமல், அச்சொல்லையே வெறுத்ததாக 1545இல் தம் இலத்தீன் நூல்களுக்கு எழுதிய முகவுரையில் அவர் அறிக்கையிடுகின்றார். இரவும் பகலும் சிந்தித்தபின், அது கடவுள் தண்டிக்கும் நீதியன்று, விசுவாசிக்கு ஈவாகத் தந்து அவனை நீதிமானாக்கும் நீதியே என்று தெளிந்தார். பிற்பாடு அகுஸ்தீன் என்னும் பண்டைய ஆசிரியர், ஏறக்குறைய 412ஆம் ஆண்டில் இயற்றிய 'ஆவியும் எழுத்தும்' என்னும் நூலில் இதனையொத்த பொருளே கூறியிருக்கக் கண்டு மகிழ்ந்தார்.

இக்கருத்துக்கு வேதத்திலேயே வேர் உண்டோ எனின், உண்டு. எபிரேய பாஷையில் நீதியைக் குறிக்கும் சொல் 'செதாக்கா' என்பது. இச்சொல்லின் இயல்பை ஆதியாகமம் முப்பத்தெட்டாம் அதிகாரத்திற் காணலாம். யூதா என்பவன் விதவையான தன் மருமகள் தாமாருக்குத் தன் இளைய குமாரனை மணமுடிப்பதாகச் சொல்லியிருந்தும், சொன்னபடி செய்யாமல் அவளைக் கைவிட்டான். அவள் மாறுவேடம் பூண்டு அவனாலேயே கருவுற்றாள். அதையறியாத யூதா அவளைச் சுட்டெரிக்கக் கட்டளையிட்டான். உண்மை வெளிப்பட்டபோதோ, தன்னைப் பார்க்கிலும் அவளே நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொண்டான். அவள் செய்கை முற்றும் மாசற்றது என்பது அவன் கருத்தன்று. உறவுக்குரிய கடமையை அவள் காத்தாள், அவன் காக்கவில்லை என்பதே கருத்து. எனவே எபிரேயர் கண்ட நீதி, உறவில் உண்மை தவறாமையும், சிதைந்த உறவைச் சீர்ப்படுத்துதலும் ஆம்.

நூற்று நாற்பத்துமூன்றாம் சங்கீதத்தை நோக்குக. முதல் வசனத்தில் புலவர் கடவுளின் நீதியின் நிமித்தம் தமக்குச் செவிகொடுக்குமாறு வேண்டுகின்றார். அடுத்த வசனத்திலேயே தம்மை நியாயந்தீர்க்க வரவேண்டாம் என்று மன்றாடுகின்றார். நீதி தண்டனை மாத்திரமேயாயின், இவ்விரு விண்ணப்பங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். அவரோ அந்நீதியையே தமக்குப் புகலிடமாகக் கொள்கின்றார். ஏசாயாவின் நூலிலும் கடவுளின் நீதியும் இரட்சிப்பும் ஒரே மூச்சில் இணைத்துக் கூறப்படுதல் காண்க.

அங்ஙனமாயின், ஒடுக்கப்பட்டோர் கேட்கும் நியாயம் என்னாவது என்று சிலர் வினவுவர். தக்க வினாவே. வேலைசெய்தவனுக்குக் கூலி கொடாமல் மாளிகை கட்டிய யோயாக்கீம் அரசனை எரேமியா தீர்க்கதரிசி கண்டித்தார். அவன் தந்தை யோசியாவோ எளியவனின் வழக்கை நியாயமாய் விசாரித்தான்; கடவுளை அறிவதென்பது அதுவே என்று தீர்க்கதரிசி எடுத்துக்காட்டினார். சீர்ப்படுத்தும் நீதியானது, கூலியிழந்தவனின் கண்ணீரைக் கணக்கில் எடாமல் கூலி மறுத்தவனை மாத்திரம் தேற்றிச் செல்லுமாயின், அது நீதியென்னும் பெயர்க்கு உரியதாகாது.

ஆகவேதான் பவுல் அப்போஸ்தலர் சிலுவையைச் சுட்டுகின்றார். உரோமர் மூன்றாம் அதிகாரத்தில், கடவுள் தாமும் நீதியுள்ளவராயிருந்து, விசுவாசிப்பவனையும் நீதிமானாக்குகின்றார் என்று இரண்டையும் சேர்த்தே கூறுகின்றார். சிலுவையிலே பாவம் பாவமல்லவென்று மூடிவிடப்படவில்லை. அதன் கொடுமை முழுவதும் வெளியாயிற்று. ஆயினும் அதன் பாரத்தைக் கடவுளே தம் குமாரனில் ஏற்று, பாவியைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் நடுநாடியான உபதேசம்.

இந்நீதி கிறிஸ்துவின் பொருட்டு நமக்குரியதாக எண்ணப்படுகிறதா, நம்முள்ளே ஊற்றப்பட்டு நம்மைப் புதுப்பிக்கிறதா என்பதுபற்றிச் சபைகள் நெடுங்காலம் வாதாடின. சீர்திருத்தச் சபையார் முன்னதை வற்புறுத்தினர். 1547இல் திரெந்து நகரில் கூடியிருந்த கத்தோலிக்க சங்கம் பின்னதை வற்புறுத்தியது. எனினும் லூத்தரன் உலக சம்மேளனத்தாரும் கத்தோலிக்க சபையாரும் 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அவுக்ஸ்பர்க் நகரில் ஒரு பொது அறிக்கையில் கையொப்பமிட்டனர். வேறுபாடுகள் யாவும் நீங்கவில்லையாயினும், நம் தகுதியாலன்றிக் கிருபையினாலேயே கடவுள் நம்மை ஏற்றுக்கொண்டு, நற்கிரியைகளுக்கு நம்மை ஆயத்தப்படுத்துகின்றார் என்பதில் இருவரும் ஒருமித்தனர். 2006இல் மெதடிஸ்து சபையாரும் இதற்கு இசைந்தனர்.

இவ்விரண்டும் ஒருவன் வாழ்வில் இணைவதை எரிகோவூர்ச் சகேயுவின் சரிதத்திற் காண்கின்றோம். அவன் திருந்திய பின்பு இயேசுநாதர் அவன் வீட்டிற்குச் சென்றாரல்லர். ஊரார் முறுமுறுக்க, ஆயக்காரனாயிருந்த அவன் வீட்டிலேயே தங்கச் சென்றார். ஏற்றுக்கொள்ளப்பட்ட அவனோ வாளாவிருந்தானல்லன். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவதாகவும் எழுந்து நின்று சொன்னான். அந்நாளில் தேவநீதி அவனுக்கு மன்னிப்பாயும், அவனால் நஷ்டமடைந்தோர்க்கு நியாயமாயும் வந்தது.

எனவே, தன் குற்றத்தை நினைந்து நடுங்குகிறவன் தேவநீதியைக் கண்டு ஓடவேண்டுவதில்லை, அதனிடமே ஓடிவரலாம். கடவுள் மன்னிப்பார் என்று சொல்லிக்கொண்டு அயலானுக்குரியதைக் கையில் வைத்திருப்பவனோ, அந்நீதியை இன்னும் அறிந்தவனல்லன். மன்னிப்பை நாடிக் கரம் விரிக்கும் நாம், அக்கரத்தில் பிறர்க்குரியது ஏதேனும் தங்கியுள்ளதோ என்று முதலில் நோக்குவோமாக.