தூக்குப் பாலத்தில் டியூட்டி: படகுக்கா, பஸ்ஸுக்கா?

மாலை 5.50. அமெரிக்காவின் சியாட்டில் நகரம், ஃப்ரீமாண்ட் பாலம். மேற்குப் பக்கத்துக் கால்வாயில் நாலு பாய்மரப் படகுகள் ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கின்றன. பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது 30 அடிதான். பாய்மரமோ ஐம்பது அடி. மேலே பஸ், கார், வேலை முடிந்து வீடு திரும்பும் சைக்கிள்காரர்கள். வார நாட்களில் காலை 7 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 6 வரையும் சிறு படகுகளுக்காகப் பாலத்தைத் தூக்க வேண்டியதில்லை என்பது அங்குள்ள விதி. இன்னும் பத்து நிமிடத்தில் அந்தத் தடை முடிகிறது. கோபுர அறையில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். சரியாக ஆறு மணிக்கு நாலு படகும் சங்கு ஊதும். என்ன செய்வீர்கள்?

தூக்குப் பாலம் இயக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கும், அதன் நேர அட்டவணையைத் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை. பொத்தானை அழுத்த ஒரே வாரத்தில் பழகிவிடலாம். எப்போது அழுத்துவது என்பதில்தான் வேலை இருக்கிறது.

யாருக்கு முதல் உரிமை?

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. பாலத்தில் ஐந்நூறு பேர் நிற்கும்போது, இரண்டு பேர் உல்லாசமாக வரும் படகுக்கு வழிவிடுவது அநியாயமாகத் தோன்றும். ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் பாலம்தான் குறுக்கே வந்த ஆள். நீர்வழி ஏற்கெனவே இருந்தது. அதன் மேல் பாலம் கட்ட அனுமதி கொடுத்ததே, படகு கேட்டால் உடனடியாகவும் முழுமையாகவும் திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். 1967 முதல் இந்த விதிகளைக் கவனித்துவருவது கடலோரக் காவல் படை.

நடைமுறைக் காரணமும் உண்டு. காருக்கு பிரேக் இருக்கிறது. படகுக்கு இல்லை. நீரோட்டமும் பின்காற்றும் தள்ளும்போது ஒரே இடத்தில் நிற்பது படகோட்டிக்குப் பெரிய பாடு. பார்ஜை இழுத்துவரும் இழுவைப் படகு என்றால் நிறுத்துவது பற்றிப் பேசவே வேண்டாம். அதனால்தான் ஃப்ரீமாண்டின் நெரிசல் நேரத் தடை 1,000 டன்னுக்குக் குறைந்த படகுகளுக்கு மட்டும். அதற்கு மேற்பட்டது வந்தால் ஐந்து மணி நெரிசலிலும் தூக்கியே ஆக வேண்டும்.

லண்டன் டவர் பாலத்திலும் இதே கதைதான். 1894-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 800 முறை தூக்கப்படுகிறது. 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், கட்டணம் கிடையாது. 1997-இல் அமெரிக்க அதிபர் கிளின்டனின் கார் அணிவகுப்பு பாலத்துக்கு வந்த நேரத்தில் ‘கிளாடிஸ்’ என்ற பழைய பாய்மரப் படகின் முறை வந்துவிட்டது. பாலம் தூக்கப்பட்டது. அணிவகுப்பு இரண்டு துண்டானது. அதிபரே ஆனாலும் படகு போன பிறகுதான்!

சாலைக்கு டைம்டேபிள் கிடையாது

தூக்குப் பாலம் என்றதும் நம் மனதில் வருவது பாம்பன். அங்கே போட்டி கப்பலுக்கும் ரயிலுக்கும். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. ஆனால் திட்டமிடுகிறவருக்கு அங்கே ஒரு பெரிய சௌகரியம் உண்டு: ரயில் எப்போது வரும் என்பது முன்பே தெரியும். இரண்டு ரயில்களுக்கு நடுவே இடைவெளி பார்த்துக் கப்பலை விடலாம். பஸ்ஸும் காரும் 1988-இலிருந்து பக்கத்திலேயே உயரமான சாலைப் பாலத்தில் போய்க்கொண்டிருப்பதால் அந்தத் தலைவலியும் இல்லை.

ஃப்ரீமாண்டுக்கும் பக்கத்தில் அப்படியோர் உயரமான பாலம் உண்டு. அரோரா பாலம், 1932-இல் வந்தது. கப்பல் அடியில் போகலாம். இருந்தும் 1917-இல் கட்டிய தாழ்வான ஃப்ரீமாண்டில் கூட்டம் குறையவில்லை; அக்கம்பக்கத்துக்காரருக்கு அதுதான் வழி. சாலைக்கு டைம்டேபிள் கிடையாது. கூட்டம் வந்துகொண்டே இருக்கும். எனவே நீங்கள் பார்க்க வேண்டியது இடைவெளியை அல்ல, வரிசையை.

திறப்பை எண்ணாதீர்கள், வரிசையை எண்ணுங்கள்

பல அலுவலகங்களில் மாத அறிக்கை இப்படித்தான் போகிறது: இத்தனை திறப்பு, சராசரியாக இத்தனை நிமிடம். என்னைக் கேட்டால் அது பாதிக் கணக்கு. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

ஒரு திசையில் நிமிடத்துக்கு 30 வண்டிகள் கடக்கக்கூடிய பாலம். மதிய நேரம் வருவது நிமிடத்துக்கு 15. படகுக்காக நாலு நிமிடம் சாலையை மூடினால் 60 வண்டிகள் சேரும். திறந்த பிறகு நிமிடத்துக்கு 30 போகிறது, புதிதாக 15 வருகிறது. ஆக வரிசை நிமிடத்துக்கு 15 குறையும். நாலே நிமிடத்தில் கரைந்துவிடும். மொத்தத் தொந்தரவு எட்டு நிமிடம்.

மாலை 5 மணிக்கு வருவது நிமிடத்துக்கு 24 என்று வையுங்கள். அதே நாலு நிமிடம். சேர்வது 96 வண்டிகள். ஆனால் வரிசை குறைவது நிமிடத்துக்கு ஆறுதான். கரைய 16 நிமிடம். எட்டு நிமிடத் தொந்தரவு இருபது நிமிடமாகிவிட்டது, உங்கள் லாக் புக்கிலோ இரண்டுமே “4 நிமிடத் திறப்பு”! அந்த இருபது நிமிடத்துக்குள் இன்னொரு படகு கேட்டு மறுபடி தூக்கினால், மிச்ச வரிசையின் மேல் புது வரிசை ஏறும். நெரிசல் நேரத் தடை வந்ததற்குக் காரணம் இதுதான்.

சேர்த்து விடுவதா, தனித்தனியா?

“ரெண்டு படகையும் ஒன்றாக விட்டால் வேலை மிச்சம்தானே?” பெரும்பாலும் ஆமாம். எப்போதும் அல்ல.

சாலை மூடியிருக்கும் நேரம் இரண்டு மடங்கானால், வண்டிகள் காத்திருக்கும் மொத்த நேரம் நாலு மடங்காகும். நேரத்தை அதே நேரத்தால் பெருக்கிப் பாருங்கள். தனித்தனியாக இரண்டு நாலு நிமிடத் திறப்பு, முதல் வரிசை கரைந்த பிறகே இரண்டாவது: 16-உம் 16-உம் 32. சேர்த்து ஒரே ஐந்து நிமிடத் திறப்பு: 25. லாபம். ஆனால் இரண்டாவது படகு மெதுவாக வந்து அது ஆறு நிமிடமாக இழுத்துவிட்டால்: 36. நஷ்டம். ஏறத்தாழ ஐந்தரை நிமிடம்தான் எல்லை. அதற்குள் இரண்டும் கடந்துவிடும் என்றால் சேருங்கள். பாலத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தூரத்தில் தெரியும் படகுக்காகக் காத்திருக்கும் நல்ல மனது வேண்டாம். காத்திருப்பதானால் பாலத்தை இறக்கிவைத்துக் காத்திருங்கள்.

ஃப்ரீமாண்ட்காரருக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். மேற்கே பாலார்டில் மதகு இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே தண்ணீர் மட்டத்தை மாற்றி, படகுகளைத் தொகுதி தொகுதியாக விடும் ஏற்பாடு. மதகு திறந்தால் படகுகள் கூட்டமாகவே வரும். அதற்கு அடுத்த பாலார்டு பாலத்தில் டியூட்டியில் இருப்பவர் ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால், என்ன வருகிறது, எத்தனை வருகிறது என்பது கண்ணில் படும் முன்பே தெரிந்துவிடும். பக்கத்துப் பாலத்துக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாத ஆபரேட்டர் பாதிக் குருடர்.

சிகாகோ இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பாய்மரப் படகுகள் ஆற்றின் வழியே ஏரிக்கும் படகுப் பட்டறைக்கும் போய்வர, புதனும் சனியும் என்று நாள் குறித்து, அணிவகுப்பாகக் கூட்டிப்போகிறார்கள். பாலங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தூக்கப்படும். மியாமியின் பிரிக்கல் பாலம் வார நாட்களில் பகல் வேளையில் மணிக்கும் அரை மணிக்கும் மட்டும் தூக்கப்படும். இது சாலைக்குச் சுகம், ஆனால் அரை மணி நேரமாகச் சேர்ந்த படகுகள் பாலத்தடியில் முட்டிமோதி நிற்கும். நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் இப்படி ஒரு அட்டவணை போடுவது ஆபத்து. வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காற்றடிக்கும் ஒரு நாளில் கரையில் போய் நின்று பாருங்கள்.

அட்டவணையை மாற்ற வேண்டுமானால்

“நெரிசல் அதிகம், தடை நேரத்தை ஒரு மணி நேரம் கூட்டித் தாருங்கள்” என்று ஒரு பக்கக் கடிதம் போட்டால் திரும்பி வரும். கையில் வேண்டியவை: மணிவாரியாகத் திறப்புகள், ஒவ்வொன்றிலும் போன படகுகள், வரிசை கரைய ஆன நேரம். அதோடு, திறக்காமல் இருந்தால் படகுக்கு நிற்க இடம் இருக்கிறதா என்ற பதில். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

அமெரிக்க விதியில் ஒரு நல்ல வழி உண்டு. 180 நாள் வரை புது அட்டவணையைச் சோதனையாக ஓட்டிப் பார்க்கலாம். படகுத்துறை நடத்துகிறவர், பஸ் நிர்வாகம், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லோரையும் சோதனைக்கு முன்பே கூப்பிட்டுப் பேசுங்கள். பிறகு கூப்பிட்டால் அது புகார் கூட்டம் ஆகிவிடும். எழுதும்போது “திறக்கக் கூடாது” என்று எழுதாதீர்கள், “திறக்க வேண்டியதில்லை” என்று எழுதுங்கள். ஒரு சொல்தான், ஆனால் ஆபத்தில் சிக்கிய படகு வரும்போது ஆபரேட்டரின் கையைக் கட்டிப்போடாமல் இருக்கும்.

படகுக்காரருக்கும் கடமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். மடக்கக்கூடிய ஆன்டெனாவையும் மீன்பிடிக் கம்புகளையும் தாழ்த்தினால் அடியில் போய்விடலாம் என்றால், அவர் திறக்கச் சொல்லவே கூடாது. இதைப் பணிவாக நினைவூட்டலாம். சண்டை பிடிக்க வேண்டாம்.

கைவேலை

நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று: படகு கேட்கும் சங்கொலி. அதையே நீங்கள் திருப்பி ஊதினால் “தூக்குகிறேன்”. குட்டையாக ஐந்து: “இப்போது முடியாது”. பிறகு சிக்னல் சிவப்பு, மணி, எதிர்வரும் பக்கத்து கேட், காலியாகும் பக்கத்து கேட். இதற்கு அப்புறம் வரும் ஒரு நொடியை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். கேமராவில் ஒரு முறை, ஜன்னல் வழியே கண்ணால் ஒரு முறை, பாலத்தின் நடுவிலிருந்து இரு முனை வரை பாருங்கள். 2022 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் சைக்கிளோடு பாலத்தைக் கடந்துகொண்டிருந்த 79 வயதுப் பெண்மணி, பாலம் தூக்கப்பட்டபோது விழுந்து இறந்தார். கார்கள் நின்றுவிட்டன என்பதால் பாலம் காலி என்று அர்த்தமில்லை. நடப்பவரும் சைக்கிளில் வருகிறவரும் கேட்டின் இடுக்கில் புகுந்து வருவார்கள். உலகம் முழுக்க இதே பழக்கம்தான். நம் ரயில்வே கேட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் இயந்திர அறிவைக் காட்டத் தயாராகப் போவார்கள். அது வேண்டியதுதான், மோட்டார், பூட்டு, பிரேக் பற்றித் தெரியாமல் கோபுரம் ஏற முடியாது. ஆனால் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து கவனம் சிதறாமல் இருக்க முடியுமா என்பதையும், கோபத்தில் கத்தும் படகோட்டிக்கு ரேடியோவில் குரல் உயராமல் பதில் சொல்ல முடியுமா என்பதையும் கேட்பார்கள். இரவு ஷிஃப்ட் வேறு ரகம். ஃப்ரீமாண்டில் இரவு 11 முதல் காலை 7 வரை, படகுக்காரர் ஒரு மணி நேரம் முன்பே சொல்லியாக வேண்டும்.

மறுபடி 5.50

இப்போது ரேடியோவை எடுங்கள். மேற்கே நிற்கும் நாலு பேரிடமும் சொல்லுங்கள்: “கிழக்கே ஏரியிலிருந்து இரண்டு படகுகள் வருகின்றன. 6.04-க்கு எல்லோரையும் ஒன்றாக விடுகிறேன். உங்களுக்குச் சம்மதமா?” காற்று தள்ளுகிறது, நிற்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் பேச்சே இல்லை, ஆறு மணிக்கே தூக்குங்கள். நாலு பேரும் சரி என்றால், வரிசையை நீங்களே அமைத்துக் கொடுங்கள்: வேகமான படகு முன்னால், இடைவெளி குறைவாக, பாலம் முழுசாக எழும்பும்போது முதல் படகு வாசலில் இருக்க வேண்டும். கிழக்கிலிருந்து வரும் இரண்டும் அவர்கள் போன கையோடு.

லாக் புக்கில் இப்படி எழுதுங்கள்: திறப்பு 6.04. மூடல் 6.09. படகு 6. பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், அச்சடித்த தாளில் அது இருக்காது, ஸ்கேல் வைத்து நீங்களேதான் கோடு போட வேண்டும். வரிசை கரைந்தது: 6.21.