கம்பி மேல் பழி போடாதீர்கள்

சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கி ஒலிபரப்பியது 1924-இல். நூறாண்டு கழிந்த பிறகும், மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மொட்டைமாடிகளில் ஹாம்கள் (அமெச்சூர் வானொலியாளர்கள்) கட்டும் டைபோல் ஆன்டெனாக் கம்பியைப் பற்றித் தப்பெண்ணங்களுக்குக் குறைவில்லை. ஹாம் உரிமம் வாங்கிய கையோடு இவற்றையும் களைந்துவிடுவது நல்லது.

நம்பிக்கை: திரும்பி வரும் சக்தியைக் கணிக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.1 காட்டினால் ஆன்டெனா பிரமாதம்.

உண்மை: சக்தியை அலையாக வீசாமல் சூடாக்கிவிடும் டம்மி லோடை மாட்டினாலும் மீட்டர் அதையேதான் காட்டும், சிக்னலோ பக்கத்துத் தெருவைத் தாண்டாது. கேபிளுக்குள் மழைநீர் இறங்கினால் சக்தி வழியிலேயே சூடாகிக் கரைகிறது. திரும்பி வரும் சக்தியும் கரைவதால் மீட்டர் அழகான எண்ணைக் காட்டும். ஐப்பசி மழைக்கு முன் 1.8 இருந்தது, மழைக்குப் பின் தானாகவே 1.2 ஆனால் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். மறுமுனையில் வாட் மீட்டரையும் டம்மி லோடையும் மாட்டிப் பாருங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிளுக்கு 100 வாட் கொடுத்தால் 80 வாட்டுக்கு மேல் வர வேண்டும். பாதிதான் வருகிறதா? கனெக்டரை வெட்டிவிட்டு உறையைச் சீவுங்கள். பளபளக்க வேண்டிய செம்புப் பின்னல் கறுத்துப் பொடிந்தால் புதுக் கேபிள் வாங்க வேண்டியதுதான்.

நம்பிக்கை: பிவிசி உறை போட்ட வயர் அலையைத் தடுக்கும்.

உண்மை: தடுக்காது, நீளத்தைத்தான் சற்று மாற்றும். 143-ஐ 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் முழு நீளம் சுமார் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. உறை போட்ட வயரில் இது இரண்டு மூன்று சதவீதம் குறையும். முதலில் நீளமாக விட்டு, நுனியை மடித்து மடித்துச் சரிசெய்யுங்கள். சாந்தோம், பெசன்ட் நகர் உப்புக் காற்றில் வெறும் செம்பு சீக்கிரமே பச்சை பூத்துவிடும். அங்கே உறைதான் காப்பு.

நம்பிக்கை: டவர் இல்லாமல் யாரையும் எட்ட முடியாது.

உண்மை: 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) மூன்று மாடி உயரம் ஏறக்குறைய கால் அலைநீளம். அங்கிருந்து அலையின் பெரும்பகுதி மேல்நோக்கிப் போய், அயனி மண்டலத்தில் திரும்பி, திருச்சி, மதுரை, பெங்களூரு வட்டாரத்தில் இறங்கும். பகலில் தமிழ்நாட்டுக்குள் பேச இது போதும். கடல் கடந்து பேசத்தான் கூடுதல் உயரம் கைகொடுக்கும். ஆனால் மாடித் தளத்தை ஒட்டிக் கட்டாதீர்கள். கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் இரும்பும் சக்தியைத் தின்றுவிடும்.

நம்பிக்கை: இரைச்சல் கூடினால் ஆன்டெனா கெட்டுவிட்டது.

உண்மை: பெரும்பாலும் ஆன்டெனா தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். எல்.இ.டி. பல்பு, மட்டமான சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே 40 மீட்டர் பேண்டில் கத்தும். ரிக்கை (வானொலிக் கருவியை) 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் காரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது; ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டால் சிக்கிவிடும். கேபிளின் வெளிப்பின்னல் வழியே ஏறி வரும் இரைச்சலைக் குறைக்க, கேபிளை ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றலாம்.

நம்பிக்கை: ரிக்கை அணைத்துவிட்டால் இடிக்குப் பயமில்லை.

உண்மை: மைல் கணக்கில் காற்றைத் தாண்டி வரும் மின்னலுக்கு ஒரு சுவிட்ச் எம்மாத்திரம்? மேகம் கறுக்கும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடிச் சத்தம் கேட்டுவிட்டால் அதைத் தொடவே வேண்டாம்.